தாய்மாமன் போட்ட மாலை

தீனதயாளன் படகின் விளிம்பில் உட்கார்ந்து, ஈட்டித் துப்பாக்கியின் ரப்பரை இழுத்து மாட்டினான்.

என் அக்கா மகன். அவன் கண் மீன் மேல் இல்லை. கடலில் என் குமிழிகள் பொங்கி அடங்கிய இடத்தின் மேல் இருந்தது.

நான் அப்போதுதான் மேலே ஏறி, முதுகிலிருந்த காற்று சிலிண்டரைக் கழற்றி வைத்திருந்தேன். எழுபத்திரண்டு வயதில் தண்ணீருக்கடியில் மூச்சு விடக் கற்றுக்கொண்டவன் நான். திருத்தணியில் என் வீட்டில் அதற்கு இடம் கொடுத்திருந்தால், புதுச்சேரிக் கடல் வரை வந்திருக்க மாட்டேன்.

படகுக்காரர் கஜபதிக்கு ஒரே கூட்டத்தை வைத்துப் படகு நிரம்பாது. ஆகையால் மீனைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு பலகை, குத்துகிறவர்களுக்கு எதிர்ப்பலகை. முதலில் நாங்கள் இறங்குவோம். நாங்கள் ஏறிய பிறகு அவர்கள்.

நியாயமான ஏற்பாடு என்றுதான் நினைத்திருந்தேன். அவர்கள் மேலே சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்பது போன மாதம்தான் தெரிந்தது. பார்க்கிறவன் நல்ல மீன் இருக்கிற இடத்தில்தானே நிற்பான்? அவன் குமிழி வருகிற இடத்தில் குதித்தால் போதும்.

பாறைக்கடியில் ஜோடியாக இரண்டு களவா மீன்கள் இருந்தன. ஒவ்வொன்றும் கட்டில் நீளம். எனக்கு மூன்று வருடப் பழக்கம். பெரியது என் கைக்கடிகாரத்தை எட்டிப் பார்க்கும். நேரமாகிவிட்டால் அதுவே திரும்பிப் போய்விடும். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

அந்தப் பெரியதைத்தான் போன மாதம் தீனா குத்தினான். நான் இருபது நிமிடம் குமிழி விட்டுக் காட்டிக்கொடுத்த இடத்தில்.

இன்று இரண்டாவது.

எங்கள் மலையில் முருகனுக்குக் கோபம் தணிந்தது என்பார்கள். அது முருகனுக்கு. அடிவாரத்தில் குடியிருப்பவர்களுக்கு அந்த வசதி கிடையாது.

பையைத் திறந்தேன். முந்தின நாள் சாமி காலடியில் வைத்து வாங்கி வந்த துளசிமணி மாலை. முகக் கண்ணாடியை மாட்டக் குனிந்தவன் கழுத்தில் போட்டேன்.

சத்தமாக அரோகரா சொன்னேன்.

படகே திருப்பிச் சொன்னது. குத்துகிறவர்களும் சேர்ந்து சொன்னார்கள். கஜபதி எஞ்சினை விட்டுவிட்டுக் கும்பிட்டார்.

தீனா அப்படியே உட்கார்ந்துவிட்டான். எங்கள் குடும்பத்தில் ஆடிக் கிருத்திகைக் காவடிக்குத் தாய்மாமன்தான் மாலை போட வேண்டும். போட்டது போட்டதுதான். மலையேறிக் கழற்றும் வரை கவிச்சி கூடாது, செருப்பு கூடாது, ஓர் உயிரைக் கொல்லக் கூடாது. வருடா வருடம் ஆறு நாள் இருக்கும்போது போடுவேன்.

இந்த முறை ஐம்பத்திரண்டு நாள் இருந்தது. அதற்குள் கடல் கலங்கிவிடும். மழைக்காலம் முடியும் வரை கஜபதியும் படகை எடுக்க மாட்டார்.

தீனா ரப்பரைத் தளர்த்தி, துப்பாக்கியைப் பலகைக்கடியில் தள்ளினான். கண் கலங்கியிருந்தது. பக்தியா ஆத்திரமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"ஒரு மீனுக்கோசரமா மாமா, எம்மேல இவ்ளோ காண்டு வெச்சிகினு இருந்தீங்க?"

"ஆங்" என்றேன்.

மிச்சத்தை அவனிடம் சொல்லவில்லை.

போன மாதம் அவன் குத்தியதில், தாய்மாமன் பங்கு என்று தலையும் நடுத்துண்டும் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. என்ன மீன் என்று எனக்குத் தெரியும். என் மனைவி ரத்தினம்மாள் மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். மூன்று முறை சோறு வாங்கினேன். மறுநாள் காலை மிச்சக் குழம்புக்கு இட்லி ஊற்றச் சொன்னதும் நான்தான்.

இன்று பாறையடியில் மற்றது கொஞ்சமும் தயங்காமல் என் மடிக்கருகே வந்து நின்றது. அதன் நடுப்பகுதியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாயில் காற்றுக் குழாயைக் கவ்விக்கொண்டு எச்சில் விழுங்குவது எவ்வளவு சிரமம் என்று அப்போதுதான் தெரிந்தது.