கேள்வி எண் பதினாலு

"பதினாலாவது கேள்வி. எப்பவாவது கைதானதுண்டா?" என்று கேட்ட விசா ஏஜென்ட், பதிலுக்குக் காத்திராமலே 'இல்லை' என்ற கட்டத்துக்குப் பேனாவைக் கொண்டுபோனார்.

"இருங்க சார்," என்றார் ரிடையர்டு கிளார்க். "என்னை எல்லாரும் தியாகின்னுதான் கூப்பிடுவாங்க. சும்மாவா கூப்பிடுவாங்க?"

பேனா நின்றது. தியாகி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"இருபத்தஞ்சு வருஷம் முன்னாடி ஆபீஸ்காரங்க ஊர்வலம். வேன்ல அள்ளிப் போட்டுக்கிட்டுப் போய் ஒரு ஹால்ல அடைச்சாங்க. உள்ளே ஃபேன் கூட..."

"ஒரே ஒரு ஃபேன். அதுவும் ஓடலை," என்று எடுத்துக்கொடுத்தாள் மனைவி.

"ஆமா, ஓடலை. சாப்பாடும் கிடையாது. யாரோ கொண்டுவந்த..."

"மூணு அடுக்குக் கேரியர். பதினோரு பேர் பிரிச்சுச் சாப்பிட்டீங்க."

"பதினோரு பேர்!" என்றார் தியாகி.

ஏஜென்ட் அசரவில்லை. "சார், இது மெடல் கொடுக்கிற இடம் இல்லை. உங்க பொண்ணு உங்க ரெண்டு பேரையும் ஒரே விண்ணப்பத்துல கூப்பிட்டிருக்காங்க. உங்க பேப்பர் சிக்கினா அம்மாவோடதும் சேர்ந்து சிக்கும்."

மனைவியின் முகம் வாடிவிட்டது. பேத்திக்கு நாலு வயசு. இதுவரை போனில் கொடுத்த முத்தம்தான்.

"கேஸ் இல்லாம விட்டிருந்தா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது," என்றார் ஏஜென்ட். "ஸ்டேஷன்ல எழுதி வாங்கிட்டு வாங்க. உள்ளதை உள்ளபடி சொல்லிடணும். மறைச்சோம்னு தெரிஞ்சா அவ்வளவுதான், கதவைச் சாத்திடுவாங்க. அம்மா, உங்களுக்கு ஏதாவது...?"

மனைவி வாயைத் திறந்தாள்.

"இவளா?" தியாகி முந்திக்கொண்டார். "போலீஸ்காரனைக் கண்டா எதிர்ச்சாரிக்குப் போயிடுவா. இல்லைன்னு போடுங்க சார்."

ஏஜென்ட் அவருக்கு 'ஆமா', அம்மாவுக்கு 'இல்லை' என்று டிக் அடித்தார். மனைவி வாயை மூடிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் அவள் சொன்னாள். "ஏங்க, போறதுதான் போறீங்க, என் பேருக்கும் சேர்த்துக் கேட்டு வாங்கிட்டு வாங்க. கையெழுத்துப் போட்டு லெட்டர் தரேன்."

"உனக்கு எதுக்கு?"

"ரெண்டு பேருக்கும் இருந்தா நல்லதுதானே."

மறுநாள் பழைய ஊருக்கு மனசில்லாமல்தான் பஸ் ஏறினார் தியாகி. காரணம் இருந்தது. மனுஷன் கைதாகவே இல்லை.

அன்றைக்குப் போலீஸ் வேனைப் பார்த்ததும் ஐயா நேராகப் பக்கத்து சலூனுக்குள் நுழைந்துவிட்டார். கன்னத்தில் சோப்பு நுரையோடு கண்ணை இறுக மூடி உட்கார்ந்தார். வேன்கள் போனபிறகும் பயம் போகவில்லை. முடியையும் வெட்டிக்கொண்டார். வீட்டுக்குப் போனால் பூட்டியிருந்தது. அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன் என்று சொல்லிக்கொண்டு மனைவி இருட்டியபிறகுதான் வந்தாள். வாசலில் காத்துக்கிடந்தவருக்கு என்ன தோன்றியதோ, "என்னை அரெஸ்ட் பண்ணிட்டாங்க, இப்பத்தான் விட்டாங்க," என்று அடித்துவிட்டார்.

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "முடியும் அங்கேயே வெட்டி விட்டாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த மாதமே மாற்றல் வாங்கிக்கொண்டு வேறு ஊர் வந்தாயிற்று. சொல்லிச் சொல்லிக் கதை வளர்ந்தது. இவர் தடுமாறும் இடத்திலெல்லாம் அவள் எடுத்துக்கொடுப்பாள். ஃபேன், கேரியர் எல்லாம் அவள் சேர்த்ததுதான். எவ்வளவு கற்பனை இவளுக்கு என்று அவரே வியந்திருக்கிறார்.

இப்போது ஸ்டேஷனில் பேர் இருக்காது. 'ரெக்கார்டு தொலைந்துபோச்சாம்' என்று வீட்டில் சொல்லிவிடலாம் என்று பஸ்ஸிலேயே முடிவு பண்ணிவிட்டார். மானமும் போகாது, விசாவும் போகாது.

ஸ்டேஷன் ரைட்டர் தூசி தட்டிப் பழைய ரெஜிஸ்டரைப் புரட்டினார். விரல் மேலிருந்து கீழே இறங்கியது, மறுபடி மேலே ஏறியது.

"உங்க பேர் இல்லையே சார்."

"அப்படியா," என்றார் தியாகி, முடிந்தவரை வருத்தமாக. "அப்ப என் மேல ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் கொடுத்துடுங்க."

"கொடுக்கிறேன். ஆனா அந்த அம்மா பேர் இருக்கே."

"எந்த அம்மா?"

"இதோ, நீங்க லெட்டர் கொடுத்தீங்களே, உங்க வீட்டம்மா." ரைட்டர் விரல் வைத்துப் படித்தார். "புருஷன் உள்ளே இருக்கார், சாப்பாடு கொடுத்துட்டு இறங்கிடறேன்னு தானே வேன்ல ஏறியிருக்காங்க. கதவைச் சாத்திட்டாங்க. இறங்கச் சொன்னப்ப, அவரைப் பார்க்காம இறங்க மாட்டேன்னு சொல்லியிருக்காங்க. சாயங்காலம் ஏழு மணிக்கு விடுதலை. கேஸ் இல்லை. உடைமை, மூணு அடுக்குக் கேரியர் ஒண்ணு."

தியாகி பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு காகிதங்களையும் அவள் மடியில் வைத்தார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"நாளைக்கு ஏஜென்ட்கிட்ட ரெண்டு டிக்கையும் மாத்தணும்," என்றார். "எனக்கு இல்லை. உனக்கு ஆமா. நானே சொல்றேன்."

"சரிங்க."

"இத்தனை வருஷமா ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்சேனே. எனக்கு வெட்கமா இருக்கு. நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அவருடைய சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

"நம்ம வீடு சின்னது. ஒரு தியாகி போதும்னு விட்டுட்டேன்."