முள் கிழித்த கை

"அப்பா, எருக்கங்காய்க்கு இந்தியில என்னன்னு எனக்கெப்படித் தெரியும்? கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க!"

மனோஜுக்குப் பொறுமை போய்விட்டது. கராடியிலிருக்கும் ஆபீசில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தான். எதிரே மராத்தி டாக்டரம்மா. அப்பா கோவிந்தராஜனுக்குத் தமிழை விட்டால் வேறு பாஷை தெரியாது. அவர் சொல்வதையெல்லாம் இவன்தான் இந்தியில் மாற்றிச் சொல்ல வேண்டும்.

போன வாரம் பால் வாங்கப் போனவர், வீட்டுக்கு வழி தெரியாமல், குடியிருக்கும் மகர்பட்டாவையே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த ஆஸ்பத்திரி. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டதற்குத் திருதிருவென்று விழித்தார். சின்ன வயதில் என்ன விளையாடுவீர்கள் என்று கேட்டதுதான் தாமதம், பிடித்துக்கொண்டார்.

"வேலியோரம் குண்டுமணி பொறுக்குவமுங்க. சதுர்த்திக்குப் பிள்ளையாருக்குக் கண்ணு வெக்கோணுமில்லீங்க? எருக்கங்காயை ஒடச்சுப் பஞ்சை ஊதி உடுவோம்..."

"அதில்லீங்க டாக்டர்..." ஓரமாக உட்கார்ந்திருந்த அம்மா மங்கையர்க்கரசி வாயைத் திறந்தாள்.

"அம்மா! அவரைத்தான் பேசச் சொல்லியிருக்காங்க. நீ நடுவுல வராதே."

"வெளையாடக் கழச்சிக்காய் பறிக்கப் பொதருக்குள்ள கைய உட்டேனுங்க. முள்ளு முழங்கை வரைக்கும் கிழிச்சுப்போட்டுது. தழும்பு இன்னும் இருக்குது, பாருங்க!"

அப்பா சட்டைக் கையைச் சுருட்டினார். இடது கையைப் பார்த்தார். வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "இங்கதான் இருந்துச்சு. கண்ணாடியைக் கொண்டாந்திருக்கோணும்."

"மனோஜு, நான் சொல்றதக் கொஞ்சம் கேளுடா..."

"ஐயோ அம்மா, எதுவானாலும் வெளியே போய்ப் பேசலாம்!"

இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு மாரடிப்பதற்கு ஆபீஸே தேவலை என்றிருந்தது அவனுக்கு.

டாக்டர் சிரித்துவிட்டு இந்தியில் சொன்னார். "பழசெல்லாம் பத்திரமா இருக்கு. இந்த வயசுக்கு மறதி சகஜம்தான். கவலைப்படாதீங்க."

லிஃப்ட் வருவதற்குள், வராந்தாவில் இருந்த பூந்தொட்டியில் குனிந்து எதையோ தேட ஆரம்பித்துவிட்டார் அப்பா.

மனோஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. ஆனாலும் அம்மா மேல் கோபம் தீரவில்லை. "எதுக்கும்மா உள்ளே அப்படித் தொணதொணன்னே? அவருக்கு ஒண்ணுமில்லைன்னு டாக்டரே சொல்லிட்டாங்க. சின்ன வயசுக் கதையை எவ்வளவு தெளிவாச் சொல்றார் பார்த்தியா?"

அம்மா வளையல்களை மேலே தள்ளிக் கையை நீட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெளுத்த கோடு. பிறந்ததிலிருந்து அவன் பார்க்கும் தழும்பு. எப்படி வந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"சின்ன வயசுல உங்கப்பாவை அவங்க அய்யன் மளிகைக் கடைய உட்டு வெளிய உட்டதே இல்ல, கண்ணு. இதெல்லாம் கல்யாணமான புதுசுல நான் அவருக்குச் சொன்ன கதைடா."