பூனைக்குக் கிடைத்த வாய்தா

"குஞ்சு பிழைச்சா உன் பூனை இங்க இருக்கும். செத்துதுன்னு வை, அன்னிக்கே அது இந்த வீட்டை விட்டுப் போயிடணும். ஆமா, சொல்லிட்டேன்."

மாடிப்படியில் நின்றபடி வீட்டுக்காரம்மா தீர்ப்புச் சொன்னாள். கீழே குடியிருக்கும் இஸ்திரிக்காரி பூனையை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்தினாள். கோழிக்குஞ்சை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

துவண்டு கிடந்தது அது. ஒரு கால் தொங்கியது. காலையில் தாய்க்கோழியோடு தோட்டத்தில் ஓடித் திரிந்தது, சாயங்காலம் பூனை படுக்கிற படிக்குப் பக்கத்தில் இப்படிக் கிடந்தால் வேறு யாரைச் சந்தேகப்படுவதாம்? இஸ்திரிக்காரிக்கு நாதி என்று இருப்பது அந்தப் பூனை ஒன்றுதான். இருந்தால் என்ன, அதற்காக விட்டுவிட முடியுமா?

மகளை நினைத்துத்தான் வீட்டுக்காரம்மாவுக்கு வயிறு எரிந்தது. ஓயாமல் பேசிப் பேசியே வாயாடி என்று பேர் வாங்கிய குழந்தை. தன் செல்லக் குஞ்சுக்கு அடிபட்டதிலிருந்து வீட்டில் வாயையே திறக்கவில்லை. சாப்பாடும் சரியாக இறங்கவில்லை. எல்லாம் அந்தப் பூனையால் வந்தது என்று வீட்டுக்காரம்மா தெரு முழுக்கச் சொல்லித் தீர்த்தாள்.

பள்ளிக்கூடம் விட்டதும் வாயாடி நேரே கீழ்வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடுவாள். அவளைக் கூட்டிவரும் சாக்கில் வீட்டுக்காரம்மாவும் எட்டிப் பார்ப்பாள்.

அந்த அறைக்குள் நுழைந்தாலே ஒரு மயக்கம் வரும். சூடான துணியின் வாசனை. இஸ்திரிப் பெட்டி மெத்து மெத்தென்று போய்வரும் சத்தம். ஜன்னல் வெயிலில் ஆவி சுருண்டு சுருண்டு மிதக்கும். இஸ்திரிக்காரி நடுநடுவே பழைய துண்டு ஒன்றை மடித்துத் தேய்ப்பாள், கன்னத்தில் வைத்துச் சூடு பார்ப்பாள், குஞ்சுக்கு அடியில் விரிப்பாள். அது ஆறுவதற்குள் அடுத்தது தயாராகிவிடும். சர்க்கரைத் தண்ணீரைப் பஞ்சில் நனைத்து, அலகோரம் சொட்டுச் சொட்டாக விடுவாள்.

உள்ளறையில் பூனை கத்திக்கொண்டே இருந்தது. கத்தட்டும், செஞ்சதுக்கு அனுபவிக்கட்டும் என்பாள் வீட்டுக்காரம்மா. இஸ்திரிக்காரி சிரித்து மழுப்பிவிடுவாள்.

ஒருநாள் குஞ்சு தலை சாய்ந்தேவிட்டது. அன்றைக்கு இஸ்திரிக்காரி வந்த துணியையெல்லாம் அப்படியே போட்டுவிட்டு, அதை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பூனை போய்விடுமே என்ற பயம்தான் இப்படி ஆட்டுகிறது என்று வீட்டுக்காரம்மா நினைத்துக்கொண்டாள்.

அப்புறம் ஒரு விடுமுறை நாள் மத்தியானம் குஞ்சு எழுந்து நின்றது. ஆடியது, விழுந்தது, மறுபடியும் நின்றது. நொண்டிக்கொண்டே போய்த் தரையில் கிடந்த குருணையைக் கொத்தியது.

வீட்டுக்காரம்மாவுக்கே கண் கலங்கிவிட்டது. பெரிய மனசு பண்ணிச் சொன்னாள்: "போகட்டும், உன் பூனையை மன்னிச்சுட்டேன். கதவைத் திற."

வெளியே வந்த பூனை குஞ்சு இருந்த பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துணிக்குவியலில் ஏறிச் சுருண்டுகொண்டது.

இஸ்திரிக்காரி துணி கொடுத்துவிட்டு வரக் கிளம்பினாள். அறையின் வெதுவெதுப்பில் வீட்டுக்காரம்மாவுக்குக் கண் சொக்கியது. அவள் மடியில் வாயாடி, வாயாடியின் கைக்குள் குஞ்சு.

"அம்மா..."

பாதித் தூக்கத்தில்தான் கூப்பிட்டாள். இத்தனை நாள் கழித்துக் குழந்தை வாய் திறந்ததே பெற்றவளுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது.

"சொல்லுடி கண்ணு."

"பூனை ஒண்ணும் பண்ணலம்மா. நான்தான் அன்னிக்கு மத்தியானம் குஞ்சைப் போர்வைக்குள்ள வெச்சுக்கிட்டுத் தூங்கினேன். புரண்டு படுத்துட்டேன். பயந்துபோய்ப் படிகிட்ட கொண்டுபோய் வெச்சதும் நான்தான்."

வீட்டுக்காரம்மாவின் தூக்கம் போன இடம் தெரியவில்லை. மெதுவாகக் கேட்டாள்: "இஸ்திரி அத்தைக்கு இது தெரியுமா?"

"அன்னிக்கே அவங்ககிட்ட சொல்லிட்டேன். பேசாம இருன்னாங்க." வாயாடி கொட்டாவி விட்டாள். "பூனையைத் திட்டினா அதுக்குப் புரியாதாம். என்னைத் திட்டினா எனக்குப் புரியுமாம்."