நீலக் கையுறை கேட்ட உதவி

"ஜனெல், ஓரின் வீட்ல இருக்கானா? இல்ல, சனிக்கிழமைன்னு மீன் பிடிக்கக் கிளம்பிட்டானா?"

போனில் லாயிட். ஊர் சீஸ் ஆலையின் முதலாளி. ஆலைக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்த அவள் கணவன் ஓரினைப் போன வசந்தத்தில் கழற்றிவிட்டு, பக்கத்து ஊர் பிரிஜிட்டிடம் ஒப்படைத்த அதே லாயிட்.

"கீழ் அறையிலதான் இருக்கான். இப்பத்தான் அவன் ஞாபகம் வந்துச்சாக்கும்?"

"குத்தாதே. விடிஞ்சதுல இருந்து சர்வர் படுத்துக் கிடக்கு. எந்தப் பண்ணைப் பால்னு பதியாம ஒரு சொட்டு உள்ளே விட முடியாது. லாரிங்க வாசல்ல வரிசையா நிக்குது. அந்தப் பொண்ணு 'இதோ வந்துடும், இதோ வந்துடும்'னு சொல்லிட்டே இருக்கா."

"அப்போ வந்துடும்."

"மதியம் வரைக்கும் பார்ப்பேன். வரலைன்னா ஓரினை அனுப்பு. ஆலை திரும்ப அவனுக்குத்தான்."

ஜனெல் போனை வைத்தாள். ஆலை கைவிட்டுப் போனதிலிருந்துதான் அவள் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் தலைக்கு வலை மாட்டிக்கொண்டு கரண்டி பிடிக்கிறாள். அது திரும்பக் கிடைத்தால் அந்த வலையை அடுப்பிலேயே போட்டுவிடலாம். முணுமுணுத்த பாட்டோடு படியிறங்கினாள்.

ஓரின் கம்ப்யூட்டர் திரைக்குள் தலையை விட்டபடி தட்டிக்கொண்டிருந்தான்.

"லாயிட் கூப்பிட்டான். ஆலை சர்வர் செத்துப்போச்சாம். மதியத்துக்குள்ள அவ எழுப்பலைன்னா வேலை நமக்குத்தான்."

அவன் விரல்கள் நின்றன. திரையையே பார்த்தான். பிறகு மறுபடி தட்ட ஆரம்பித்தான்.

"காதுல விழுந்துச்சா? எழுந்து நல்ல சட்டையா போடு."

"இதை முடிச்சிட்டு வர்றேன். மன்றத்துல ஒரு ஆள் மாட்டிக்கிட்டிருக்கு."

மன்றம் என்றாலே ஜனெலுக்கு எரியும். கடைகள், பல் மருத்துவர்கள் என்று ஊரார் கம்ப்யூட்டர்களை இருந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொள்வது ஓரினின் தொழில். அதற்கு அவன் வைத்திருக்கும் மென்பொருள்கள் எல்லாம் ஓப்பன் சோர்ஸ். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். மக்கர் செய்தால் கூப்பிட்டுத் திட்ட ஒரு கம்பெனி கிடையாது. அதே தொழிலில் இருப்பவர்கள் இணையத்தில் கூடி, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே யாருக்கும் சொந்தப் பெயரும் கிடையாது. இன்றைக்கு மாட்டிக்கொண்ட ஆளின் பெயர் 'நீலக் கையுறை'.

"என்ன பண்ணித் தொலைச்சானாம் உன் கையுறை?"

"நேத்து சாயங்காலம் பேக்கப் மென்பொருளுக்குப் புது அப்டேட் போட்டிருக்கு. இன்னைக்கு டிஸ்க்ல கோளாறு, நகல் எடுத்து வச்ச பழைய பேக்கப்பை அது திறக்க மாட்டேங்குது."

"லீவு நாள் வர்ற நேரத்துல, வெள்ளிக்கிழமை சாயங்காலம் எவனாவது அப்டேட் போடுவானா? உன்கூடக் குடித்தனம் பண்றதுல எனக்கே அது தெரியும்."

"தெரியாம போட்டாச்சு. பழைய வெர்ஷனைத் தேடிப் போட்டு, வேற டிஸ்க்ல இறக்கணும். ஒவ்வொண்ணா சொல்லணும்."

"முகம் தெரியாதவனுக்கு ஓசியில உழை. வீட்டைத் தேடி வர்ற வேலையை விட்டுடு."

"நான் மாட்டினப்ப பின்லாந்துல இருந்து ஒருத்தர் கூடவே இருந்து சரி பண்ணிக் கொடுத்தாரே."

"அவர் மாட்டிக்கிட்டா அவருக்கு உதவு. நான் வேண்டாம்னேனா?"

அவன் தட்டிக்கொண்டே இருந்தான். அவள் மேலே போய் அவன் சட்டையை இஸ்திரி போட்டாள். காலரை இரண்டு தடவை. போட்ட வேகத்தில் துணி பொசுங்காதது ஆச்சரியம்.

மதியம் போன் அடித்தது.

"ஓரின் வர வேண்டாம், ஜனெல். எல்லாம் எழுந்திருச்சு. கெட்டிக்காரப் பொண்ணு."

"ரொம்ப சந்தோஷம்" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

படிகள் அதிர இறங்கினாள். ஓரின் நாற்காலியில் சாய்ந்து, டப்பாவிலிருந்த சீஸ் கட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டிருந்தான். நாள் நன்றாகப் போன முகம்.

"ஆலை போச்சு. உன் கையுறையாவது கரை சேர்ந்தானா?"

அவன் திரையைக் காட்டினான். ஜனெல் குனிந்து படித்தாள். காலையில் நீலக் கையுறை எழுதியது மேலே இருந்தது: 'வந்துடும்னு முதலாளிகிட்ட சொல்லிட்டேன். வரலை. கேட்க எனக்கு வேற யாரும் இல்லை.' அதன் கீழே ஓரினின் பதில்கள், நீளநீளமாக. கடைசியில் இப்போது வந்தது: 'வேலை செய்யுது. பால் லாரியெல்லாம் உள்ளே போகுது. நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது. நன்றி.'

"பால் லாரியா?" என்றாள் ஜனெல்.

"ம்."

"இது பிரிஜிட்டா?"

"ம்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நீ வந்து லாயிட் கூப்பிட்டான்னு சொன்னப்பவே."

"தெரிஞ்சும் சொல்லிக் கொடுத்தே."

"பாதி சொல்லியிருந்தேன். அதோட விட்டிருந்தா, தப்பான டிஸ்க்ல எழுதி, மிச்சம் இருந்ததும் அழிஞ்சிருக்கும்."

ஜனெல் கடைசிப் படியில் உட்கார்ந்தாள். இடி விழப்போகிறது என்று ஓரின் காத்திருந்தான். அவள் எழுந்து வந்து, காலையில் வந்த அந்த முதல் செய்தியை மறுபடி படித்தாள்.

ஓரின் தயங்கித் தயங்கிக் கீபோர்டை இழுத்தான். "நான்தான்னு எழுதிடட்டுமா? என்னைக்காவது லாயிட் காதுக்கும் போகும். ஆலை திரும்பி வந்தாலும் வரும்."

"கையை எடு."

"ஏன்? நீதானே காலையில இருந்து…"

"எடுன்னா எடு, ஓரின். நீதான்னு தெரிஞ்சா, அடுத்த தடவை மாட்டிக்கும்போது அவ கேட்கக் கூச்சப்படுவா."