எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம்

"காப்புக் கட்டியாச்சு சார். அக்கினிச்சட்டி எடுத்து முடிக்கிற வரைக்கும் ஊரு எல்லையத் தாண்டக் கூடாது. மதுரைக்கு வர முடியாது" என்றாள் யுவராணி, ஊர் எல்லைக்கல்லருகே நின்று போனில்.

"அப்ப நானே வர்றேம்மா" என்றார் ஐயாத்துரை, மதுரையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் மேலாளர். "ஆபீஸ் லேப்டாப் வழியாத்தான் அந்த சர்வரைத் தொட முடியும். அதையும் கொண்டு வர்றேன்."

காரியாபட்டி, அருப்புக்கோட்டை, பந்தல்குடி எல்லாம் கடந்து அவர் கார் எல்லைக்கல்லருகே வந்து நின்றது. ஊருக்குள் சிக்னல் சுத்தமாகக் கிடையாது. அங்கேதான் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். கல்லுக்கு இந்தப் பக்கம் மஞ்சள் சேலையில் யுவராணி. வேலை மும்முரத்தில் மகள் வெளியே காலை வைத்துவிடுவாளோ என்று பக்கத்திலேயே காவலுக்கு அம்மா கருத்தம்மாள். ஐயாத்துரையின் பளபள ஷூ கரிசலில் புதைந்தது. அதைப் பார்க்கும் நிலையில் அவர் இல்லை.

"நேத்து அப்டேட் போட்டோம்மா. அதுலேருந்து ஆஸ்பத்திரி சர்வர் எழுந்திரிக்குது, விழுது. லேப் ரிப்போர்ட் ஒண்ணும் டாக்டருங்களுக்குப் போகல. எங்க டீமே கையை விரிச்சிடுச்சு. இன்னைக்குள்ள சரியாகலைன்னா கான்ட்ராக்ட் போச்சு."

யுவராணி தரையில் சம்மணமிட்டு லேப்டாப்பை மடியில் வாங்கிக்கொண்டாள். விழுகிற ஒவ்வொரு முறையும், கடைசி நொடியில் என்ன நடந்தது என்பதை சர்வர் எழுதி வைத்திருந்தது. அதை வரிவரியாகப் படித்தாள்.

"என்ன வேண்டுதல்ம்மா?" என்று கருத்தம்மாளிடம் பேச்சுக் கொடுத்தார் ஐயாத்துரை. சும்மா நிற்க அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"இவ சட்டி எடுப்பான்னு நான்தான்யா நேந்துக்கிட்டேன். எதுக்குன்னு இவளுக்கே தெரியாது. நெறவேறுன பெறவுதான் வெளிய சொல்லணும்."

"பாருங்க சார்" என்று யுவராணி திரையைத் திருப்பினாள். "எத்தனை தடவை விழுந்திருக்கோ, அத்தனையிலயும் ஒரே பேருதான். டிஸ்க்கை ஓட்டுற டிரைவர் புரோகிராம். பழைய கெர்னலுக்கு எழுதுனது. புதுக் கெர்னல்ல எல்லாம் இடம் மாறிப்போச்சு. இது பழைய நெனப்புல கண்ட இடத்துல கைய வைக்குது, மொத்த மெஷினும் படுத்துருது."

"கெர்னல்னா என்னத்தா?"

"மெஷினோட உசுரும்மா."

பழைய கெர்னலில் சர்வரை எழுப்பினாள். புதியதற்கு ஏற்ற டிரைவரைப் போட்டு, மறுபடி புதியதில் ஓடவிட்டாள். மூன்று பேரும் திரையையே பார்த்தார்கள். டவுன் பஸ் ஒன்று புழுதி கிளப்பிப் போனது. சர்வர் விழவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ரிப்போர்ட்கள் போகத் தொடங்கிவிட்டனவாம். கருத்தம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. மகளின் நெற்றி வியர்வையை முந்தானையால் ஒற்றி எடுத்தாள்.

ஐயாத்துரை தலை குனிந்தார். "போன மாசம் வேலை கேட்டு வந்தப்ப, அப்டேட் போட்டா எது விழும்னு இன்டர்வியூல கேட்டேன். இதைத்தான் சொன்ன. நான்தான் தப்பான பதில்னு அனுப்பிட்டேன். திங்கக்கிழமை... இல்ல, திருவிழா முடிஞ்சதும் வந்து சேரும்மா."

கருத்தம்மாள் கோயில் இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டாள்.

"இப்பச் சொல்லலாம்யா. எம்மகளுக்கு வேலை வேணும்னு நான் வேண்டிக்கிடல. அவள வேண்டாம்னு அனுப்புனவுக, அவளத் தேடி எங்க ஊரு எல்லைக்கு வந்து நிக்கணும்னுதான் மாரியாத்தாகிட்டக் கேட்டேன்."