கொழுப்புத் தீனி

ஆய்வுக்கூடத்தில் ஒட்டியிருந்த இரண்டு கூண்டுகளில் இரண்டு சுண்டெலிகள் இருந்தன. குண்டனுக்குக் கொழுப்புத் தீனி. ஒல்லியனுக்குச் சாதாரணத் தீனி. ஆய்வுக்காக இரண்டின் விலாவிலும் புற்றுக்கட்டியை வளரவிட்டிருந்தார்கள். குண்டனின் கட்டிதான் வேகமாகப் பெருத்தது.

"தின்னாதேடா தின்னாதேடான்னு தலையில அடிச்சுக்கிட்டேன். கேட்டியா?" என்றது ஒல்லியன்.

"நானே பயந்துபோயிருக்கேன், சும்மா இரு அண்ணே," என்ற குண்டன் அன்றிலிருந்து பாதித் தீனியை மிச்சம் வைத்தது.

பிறகு ஒரு பெண் வந்து இரண்டுக்கும் ஒரே மருந்தை ஊசியில் ஏற்றினாள். கட்டியோடு சண்டை போட உடம்பைக் கிளப்பிவிடும் மருந்து அது.

சில நாள் கழித்து வந்தவள் குண்டனின் கட்டியை அளந்தாள். நம்பாமல் மறுபடியும் அளந்தாள். "பாதியாயிடுச்சு! எல்லாரும் ஓடி வாங்க!" என்று கத்தினாள். ஒல்லியனின் கட்டி கொஞ்சமும் குறையவில்லை.

குண்டன் துள்ளிக் குதித்தது. "பொழச்சேன் அண்ணே! நீ சொன்னபடி வாயைக் கட்டினேன், கரையுது பாரு!"

"பொறந்ததுலேருந்து வாயைக் கட்டினவன் நான்டா! எனக்கு ஏன் கரையலை? உன் கொழுப்புலதான் என்னமோ இருக்கு. மிச்சம் வச்சதை இந்தப் பக்கம் தள்ளு, சீக்கிரம்!"

"அப்போ உன்னுதை எனக்குக் குடு!"

கம்பி இடுக்கு வழியே தீனி கைமாறியது. இரண்டும் மருந்து தின்பதுபோல் முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஆவலோடு மென்றன.