திரையில் தங்கையின் கண்

காத்திருப்பு அறையின் டிவியில் என் தங்கையின் வலது கண் தட்டளவுக்குப் பெரிதாகத் தெரிகிறது. இமைகளை ஒரு கம்பி விரித்துப் பிடித்திருக்கிறது. லேசர் நகர நகரக் கருவிழி வெந்த முட்டையாக வெளுக்கிறது. கண்ணாடி போட்ட பெண் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னதால்தான் அவள் உள்ளே படுத்திருக்கிறாள். மாப்பிள்ளையின் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் கடித்தபடி அதை ரசிக்கிறார். “கத்தியே படாதாம், பாத்தியாம்மா?” அவருடைய உதட்டோர ஈரத்தில் பிஸ்கட் தூள் அப்பியிருக்கிறது. திரையில் மருத்துவர் கண்ணின் மெல்லிய மேல்தோலை மெதுவாக மடித்துத் திருப்புகிறார். “அப்படியே அவ தெத்துப்பல்லையும் சரி பண்ணிட்டா லட்சணமா இருப்பா,” என்று அவர் விரலை நக்குகிறார். நான் எழுந்துபோய் டிவிக்கு முன்னால் அடைத்துக்கொண்டு நிற்கிறேன். “கொஞ்சம் நகரும்மா, மறைக்குது.” “மறைக்கத்தான் நிக்கிறேன், அத்தை.”